ஒன்பதுக்கு ஒன்பது

நாலாவது சுற்றுக்குப் பொத்தானை அமுக்கியாயிற்று. காலுக்கடியில் அந்தத் தட்டு 'ர்ர்ர்' என்று உறும ஆரம்பித்ததும் மோனிஷாவுக்குப் பாதம் கூசியது, கெண்டைக்கால் கூசியது, தொடைக்குள் எறும்புப் புற்றைக் கலைத்துவிட்டது போல என்னவோ ஓடியது, பல்லைக் கடித்தால் பல்லும் சேர்ந்து ஆடுகிறது, கடிக்காவிட்டால் கன்னம் ஆடுகிறது, என்ன எழவு மெஷினோ இது. ஒரு நிமிஷம் மேலே நிற்க வேண்டும், ஒரு நிமிஷம் இறங்கி உட்கார வேண்டும், இப்படிப் பத்துத் தடவை, வாரத்துக்கு மூன்று நாள். முட்டியை லேசாக மடக்கி நில்லு, பின்னால் போய்ப் பூட்டிக்கொள்ள விடாதே, பூட்டிக்கொண்டால் நடுக்கம் நேரே தலைக்கு ஏறிவிடும் என்று பிசியோதெரபி எஸ்தர் மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார். விடாதே என்று சொல்வது சுலபம். விவரம் தெரிந்த நாளாக அந்த முட்டி பின்னால் போய் வில்லாக நின்றுதான் பழக்கம், ஊரே கைதட்டிக் கைதட்டித்தான் அதைப் பழக்கியது, இப்போது ஒரு அங்குலம் முன்னாலேயே நிறுத்து என்றால் எதை வைத்து நிறுத்துவது, எங்கே இருக்கிறது அந்த ஒரு அங்குலம். மற்ற பிள்ளைகளுக்கு எலும்பைக் கட்டி வைத்திருக்கிற நார் விறைப்பாக இருக்குமாம். உனக்கு நைந்துபோன எலாஸ்டிக் மாதிரி தொளதொள என்று இருக்கிறது, அதனால் உனக்குச் சதைதான் காவல் காக்க வேண்டும், இந்த நடுக்கம் சதையைத் தட்டி எழுப்பும், எழுப்பும் என்றுதான் நினைக்கிறோம், அடித்துச் சொல்ல முடியாது, செய்து பார்ப்போம் என்றார் மேடம். அடித்துச் சொல்ல முடியாது என்று அவளிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான். மற்றவர்கள் எல்லாரும் அடித்துத்தான் சொன்னார்கள். அதனாலேயே அவர் ஒருத்தர் மேல் மட்டும் மோனிஷாவுக்குக் கோபம் இல்லை, பாக்கி எல்லார் மேலேயும் இருந்தது.

எதிரே பத்தடி தள்ளி, சுவரோரமாகப் போட்டிருந்த நாற்காலியில் அப்பா. கையில் போன். பக்கத்தில் தன்யா, எட்டு வயசு, காலைத் தொங்கப்போட்டு ஆட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்கென்று தைத்த மினுமினுப்புச் சட்டையை இன்றைக்கே போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். போடாதேடி என்றால் கேட்கிறாளா. ஆஸ்பத்திரிக்கு எவளாவது ஜிகினாச் சட்டை போட்டுக்கொண்டு வருவாளா. அப்பாதான் போடச் சொன்னார், வீடியோவில் நன்றாக இருக்குமாம். அப்பா பாலகுருவுக்கு திண்டுக்கல்லில் பிளக்ஸ் அடிக்கிற கடை, கல்யாணம் காதுகுத்து கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்பார், ஆனால் ஊரில் அதிகம் தொங்கியது அவர் பெற்ற மகள்தான். ஆறு வயசிலிருந்து பதிமூன்று வயசு வரைக்கும், தலைக்கு மேல் கால், காலுக்கு நடுவில் சிரிப்பு, 'சாதனைச் சிறுமி மோனிஷா', பத்துக்கு எட்டு அளவில், நாகல்நகர் ரவுண்டானாவில். ஸ்கூல் பஸ் தினமும் அந்த வழியாகத்தான் போகும். பையன்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதையெல்லாம் அப்பாவிடம் சொல்ல முடியுமா, சொன்னால் அவன் பொறாமையில் பார்க்கிறான் என்பார், அப்பாவுக்கு உலகத்தில் இருக்கிற நோய் எல்லாம் பொறாமைதான். மூன்று மாசம் முன்னால் இதே அறையில்தான் மேடம் அவளைப் பரிசோதித்தார். சுண்டுவிரல் இரண்டும் பின்னால் மடங்குகிறதா, கட்டைவிரல் இரண்டும் முன்கையைத் தொடுகிறதா, முழங்கை இரண்டு, முட்டி இரண்டு, முட்டி மடக்காமல் குனிந்தால் உள்ளங்கை தரையில் படிகிறதா, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, ஆகமொத்தம் ஒன்பது. மேடம் தாளில் ஒன்பதுக்கு ஒன்பது என்று எழுதியதைப் பார்த்ததும் அப்பா எழுந்தே நின்றுவிட்டார். முழு மார்க்கா மேடம் என்றார். மார்க் இல்லை சார், கூடக் கூட ஆபத்து, மூட்டு அவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம் என்று மேடம் பொறுமையாகச் சொன்னார். அப்பா தலையைத் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு நேரே கடைக்குப் போய், 'மருத்துவர்களே வியந்தனர்! மூட்டுப் பரிசோதனையில் 9/9' என்று ஒரு பிளக்ஸ் அடித்துத் தொங்கவிட்டார். நொண்டிக்கொண்டு பஸ்ஸில் போனவள் அதைப் பார்த்தாள். சிரிப்பதா அழுவதா, யாராவது சொல்லுங்கள். ஒருத்தனுக்குச் சர்க்கரை நானூறு இருக்கிறது என்று பேனர் கட்டுவார்களா.

மணி அடித்தது, தட்டு நின்றது, அவள் இறங்கி அதன் விளிம்பிலேயே உட்கார்ந்தாள். நின்றும் நிற்காத மாதிரி உள்ளே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இந்த மெஷினை முதலில் பார்த்த அன்றைக்கு, தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சொல்லுவாங்களே அது இதானா என்று அப்பா சிரித்தார், பக்கத்தில் கை உடைந்து வந்திருந்தவர்கூடச் சிரித்தார். அப்பா நல்லவர், அதுதான் பிரச்சினையே, கெட்டவராக இருந்தால் ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். மாஸ்டர் அப்படி இல்லை. யோகா மாஸ்டர் தயாளன், வெள்ளை ஜிப்பா, நெற்றியில் சந்தனம், எல்லாப் பிள்ளையையும் கண்ணு கண்ணு என்பார், கண்ணு என்று சொல்லிக்கொண்டே முதுகில் ஏறி உட்காருவார். பட்டாம்பூச்சி ஆசனத்தில் தொடை தரையில் படியவில்லை என்றால் இரண்டு தொடையிலும் காலை வைத்து நிற்பார். மோனிஷாவுக்கு நிற்க வேண்டிய அவசியமே வரவில்லை, தொட்டால் படிந்துவிடும், அதனால் அவள் செல்லம், கடவுள் கொடுத்த உடம்பு, வாராது வந்த மாமணி. ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்கிற கதைதான், யார் வீட்டுப் பிள்ளை மூட்டோ, இவர் பேருக்கு ஷீல்டு. முந்நூறு பிள்ளைகள், முந்நூறு மண்பானை, பானைக்கு மேலே ஆசனம், ஸ்டேடியம், வெயில், எந்த நாட்டுப் புத்தகமோ ஒரு சாதனைப் புத்தகம், நடுவில் மூன்று பானை அடுக்கி அதன் மேல் ஒன்பது வயசு மோனிஷா, நெஞ்சு பானையில், கால் இரண்டும் பின்னாலிருந்து வந்து முகத்துக்கு முன்னால். பதினொரு நிமிஷம். ஏழாவது நிமிஷத்தில் இடுப்புக்குள் ஒரு சத்தம் வந்தது. வந்ததா, வந்தது. சுள்ளி ஒடிகிற மாதிரி இல்லை, சேற்றிலிருந்து காலை எடுக்கிற மாதிரி ஒரு சத்தம். கண்ணுக்குள் வெள்ளையாகிப் போனது. அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள், ஏனென்றால் முன்னால் அப்பா நின்றார், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டு. அப்பா அழுது அவள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இறக்கிவிட்டதும் ஓடி வந்து தூக்கிக்கொண்டு, வலிச்சுச்சாடா தங்கம் என்று கேட்டார். இந்த இடத்துக்கு வந்தால் மட்டும் மோனிஷாவின் நினைப்பு சட்டென்று வேறு பக்கம் ஓடிவிடும், இப்போதும் ஓடியது, ஜன்னலுக்கு, ஜன்னலில் காய்கிற துண்டுக்கு, துண்டில் எழுதியிருக்கிற எண்ணுக்கு. ஓடட்டும், எங்கே ஓடினாலும் திரும்பி வந்துதான் ஆக வேண்டும். இல்லப்பா என்று சொன்னாள். அதுதான் அவள் சொன்னது. அன்றையிலிருந்து அப்பா பார்க்கிறவரிடமெல்லாம், என் பிள்ளைக்கு வலின்னா என்னன்னே தெரியாது சார் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

ஐந்தாவது. மறுபடி எறும்பு. கம்பியைப் பிடிக்கலாம் ஆனால் தொங்காதே, முழங்கையையும் பூட்டாதே. பூட்டாதே பூட்டாதே, ஐயோ, உடம்பில் எத்தனை கதவைத்தான் ஒருத்தி பார்த்துக்கொள்வது. கோ-கோ விளையாடும்போது இதெல்லாம் ஞாபகமே இருக்காது. ஒன்பதாம் வகுப்பில் அவளாகப் போய் அந்த வரிசையில் உட்கார்ந்தாள், யாரும் கூப்பிடவில்லை, யாரும் கடவுள் கொடுத்த உடம்பு என்று சொல்லவில்லை, முதுகில் ஒரு தட்டு, 'கோ', எழுந்து ஓடு. அதில் நின்று காட்ட ஒன்றும் இல்லை. ஓடுகிறவளை போட்டோ எடுத்தால் கலங்கித்தான் விழும், அது அவளுக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா, அப்பாவின் போனில் அவள் ஒரு கறுப்புத் தீற்றலாக மட்டும் இருந்தாள். பிறகு நவம்பரில், மண்டலப் போட்டியில், கம்பத்தைப் பிடித்துச் சுற்றித் திரும்பும்போது முட்டிச்சில்லு பக்கவாட்டில் நழுவிப் போய் உட்கார்ந்தது. மைதானத்தில் விழுந்து கிடந்தவளிடம் அப்பா குனிந்து என்ன கேட்டார், எந்திரிச்சிருவல்ல என்று கேட்டார். வலிதான் தெரியாதே இவளுக்கு. சரி போகட்டும், இவள் கதை இவளோடு, எஸ்தர் மேடம் இருக்கிறார், மெஷின் இருக்கிறது, ஆடிக்கொண்டிருப்போம். ஆனால் ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் தன்யாவிடம் வந்து நிற்கிறார்களே. வருகிற ஞாயிறு ஐந்நூறு பானை. நடுவில் அடுக்கில் தன்யா. மாஸ்டர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார், அக்கா விட்ட இடத்தைத் தங்கச்சி பிடிக்கணும், பெரிய பாப்பாவுக்கு எடுத்த மாதிரி சின்னதுக்கும் ஒரு மெடிக்கல் டெஸ்ட் எடுத்துடுங்க, மேடையில வாசிக்கலாம் என்று. அதற்குத்தான் இன்றைக்கு அவளையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் வீட்டில் நடந்த கூத்து இருக்கிறதே. அப்பா தரையில் உட்கார்ந்து, பரீட்சைக்குத் தயார் செய்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் செய்ய வைத்தார். கட்டைவிரலைத் தொடவை பாப்பா, இன்னும் கொஞ்சம், சபாஷ், இப்ப முழங்கை, ஒன்பதுக்கு ஒன்பது வாங்கணும், அக்கா வாங்குனாள்ல. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, இடது கை கொஞ்சம் கம்மியா இருக்கே என்று வேறு எடுத்துக் கொடுத்தாள். அது மார்க் இல்லப்பா, அது வியாதிப்பா என்று மோனிஷா கத்தினாள். அப்பா நிமிர்ந்து பார்த்து, குரலை உயர்த்தாமல், தங்கச்சி மேல பொறாமைப்படக் கூடாதும்மா என்றார். அதற்கப்புறம் அவள் பேசவில்லை. பேசினால் அந்தச் சொல்லுக்குள்தான் போய் விழ வேண்டும், என்ன சொன்னாலும் பொறாமை, அழுதால் பொறாமை, சாப்பிடாவிட்டால் பொறாமை. அந்த வீட்டில் தன்யாவுக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவள், அவள் வாயைத்தான் இப்படி அடைத்தார்கள். கண்ணைத் திறந்து பார்க்கிறவள் ஒருத்தியாவது அந்த வீட்டில் இருக்கிறாளே என்று யாருக்காவது தோன்ற வேண்டாமா.

ஆறு முடிந்து ஏழு. மேடம் பொத்தானை அமுக்கிவிட்டு, பார்த்து நில்லு, நான் பாப்பாவைப் பார்த்துட்டு வர்றேன் என்று எதிரே போனார். தன்யா பாயில் போய் நின்றாள், மினுமினு என்று, பள்ளிக்கூட ஆண்டு விழா மாதிரி இரண்டு கையும் கூப்பி வணக்கம் சொன்னாள். அட பைத்தியமே. அப்பா நாற்காலியை விட்டு எழுந்து போனைத் தூக்கினார். ஏழு வருஷம் முன்னால் தூக்கிய அதே உயரம், அதே மாதிரி இடது கண்ணை இடுக்கிக்கொண்டு. சுண்டுவிரல். போயிற்று, பின்னால் போய்க் கையை நோக்கிக் கும்பிட்டது. இன்னொன்று. கட்டைவிரல் இரண்டும் முன்கையைத் தொட்டன, தொட்டுவிட்டு தன்யா அப்பாவைப் பார்த்தாள், அப்பா நான்கு விரலைக் காட்டினார், நாலு ஆயிற்றாம். மோனிஷாவின் காலுக்கடியில் தட்டு உறுமியது, முட்டி பின்னால் போகப் பார்த்தது, அவள் இழுத்துப் பிடித்தாள், மறுபடி போகப் பார்த்தது. நான் ஏன் இங்கே நின்று ஆடிக்கொண்டிருக்கிறேன். பூனைக்கு விளையாட்டு, எலிக்கு உயிர் போகுது, அதில் எலியும் வணக்கம் வைத்துவிட்டு நிற்கிறது, இதை எங்கே போய்ச் சொல்வது. முழங்கை. அந்த வெள்ளைச் சின்ன முழங்கை நேராகி, நேரைத் தாண்டி, இன்னும் தாண்டி, வேறு யாருடைய கையோ மாதிரி பின்னால் வளைந்து நின்றது. தன்யாவின் உதடு சிரித்தபடி இருந்தது. மூக்கு நுனி மட்டும் வெளுத்துப் போயிருந்தது, அது மோனிஷாவுக்குத் தெரியும், கண்ணாடியில் பார்த்துப் பார்த்துத் தெரியும்.

மேடம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டார். "வலிக்குதா பாப்பா?"

தன்யா மேடத்தைப் பார்க்கவில்லை. அப்பாவின் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள்.

மோனிஷா தட்டிலிருந்து இறங்கினாள். மணி அடிக்கவில்லை, அவள் இறங்கிவிட்டாள், ஆளில்லாத தட்டு பின்னால் வெறுமனே உறுமிக்கொண்டிருந்தது. கால் தரையில் பாவவே இல்லை, அறையே நடுங்குகிற மாதிரி இருந்தது, அந்தப் பத்தடியை அவள் எப்படிக் கடந்தாளோ. பொறாமை என்று சொல்லட்டும், ஊரைக் கூட்டிச் சொல்லட்டும், பிளக்ஸ் அடித்தே சொல்லட்டும்.

"பொய் சொல்றா" என்றாள். "நானும் இப்படித்தான் சொன்னேன்."

அப்பாவுக்குப் புரியவில்லை. என்னம்மா, எதைச் சொல்ற, போய் மெஷின்ல நில்லு என்றார். போன் இன்னும் தூக்கிய கையிலேயே இருந்தது. அவள் சொன்னாள். பானை மேல் இருந்தபோது இடுப்பில் சத்தம் வந்ததை, கண்ணுக்குள் வெள்ளையாகிப் போனதை, உயிர் போகிற மாதிரி வலித்ததை, இறக்கிவிட்ட பிறகு பத்து நாள் பாத்ரூமில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை, எல்லாவற்றையும் கோவையே இல்லாமல் சொன்னாள். எச்சில் தெறித்தது. அன்றைக்குச் சிரித்த கை உடைந்தவர் இன்றைக்கும் வந்திருந்தார், அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்பாவின் முகம் என்னவோ ஆனது, கோபப்படப் போகிறார் என்று நினைத்தாள், படட்டும் என்று காத்திருந்தாள். அவர் படவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை நீ சொல்லலையேம்மா" என்றார். "நான் கேட்டேனே."

"எப்படிப்பா சொல்றது? நீங்க வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தீங்க."

அப்பா போனைப் பார்த்தார். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை நிறுத்தத் தெரியாதவர் மாதிரி இரண்டு தடவை தப்பான இடத்தில் தொட்டார், பிறகு அப்படியே சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பாயின் ஓரத்தில், செருப்புக் காலோடு உட்கார்ந்துவிட்டார். மேடம் தன்யாவின் கையை மெதுவாக மடக்கி அவள் நெஞ்சோடு சேர்த்து வைத்தார். மோனிஷாவுக்கு மூச்சு வாங்கியது. ஜெயித்துவிட்டேனா என்று ஒரு கணம் தோன்றியது, ஆமாம் தோன்றியது, தோன்றினால் என்ன தப்பு, ஏழு வருஷம் கழித்து ஒருத்தி வாயைத் திறந்திருக்கிறாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை வேணாம் பாப்பா என்றார். மாஸ்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது.

தன்யாவுக்குத்தான் விளங்கவில்லை. அக்கா எதற்குக் கத்தினாள், அப்பா எதற்குக் கீழே உட்கார்ந்தார், ஒன்பதில் ஐந்து ஆன பிறகு எதற்கு நிறுத்தினார்கள். உதடு பிதுங்கியது. சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு வலிக்காதுப்பா" என்றாள். "நான் பண்ணுவேன்ப்பா. பகல்ல வலிக்கவே வலிக்காதுப்பா."

மேடம்தான் குனிந்து, அப்ப எப்ப வலிக்கும் கண்ணா என்று கேட்டார்.

"ராத்திரிதான். அப்பவும் அக்கா தூங்குற வரைக்கும் அழ மாட்டேன்."

ஒரே பாய். ஒரே போர்வை. தன்யாவின் முதுகில் தன் முதுகு படத்தான் மோனிஷா தினமும் தூங்குகிறாள். படுத்ததும் தூங்கிவிடுவாள், அவ்வளவு அலுப்பு, அவ்வளவு எரிச்சல், அப்பாவைத் திட்டி மாஸ்டரைத் திட்டி அம்மாவைத் திட்டி, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு திட்டித் திட்டியே தூங்கிவிடுவாள். கோபம் குபீர் என்று ஏறியது, யார் மேல் என்று பார்ப்பதற்குள் கை தன்யாவின் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டது, மேடம் பதறி அந்தக் கையைப் பிடித்தார்.

"ஏண்டி, எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

தன்யா ஒரு எட்டுப் பின்னால் போனாள். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"நீதான் எப்பப் பாத்தாலும் கோவமாவே இருக்கியே" என்றாள்.